சாத்தானுக்கு ஜாமீன் எடுத்தவர்

சாத்தானைத் திட்டியவர்கள் இந்த உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நிறைந்த சபை நடுவே எழுந்து நின்று, "அவன் மேல அநியாயமா பழி போடாதீங்க" என்று சாத்தானுக்காகப் பேசிய விசுவாசி ஒரே ஒருவர்தான். அவர் ஒரகடத்தில் எங்கள் கம்பெனியின் கடைசிச் சோதனைப் பிரிவில் இருந்தார். அவருக்குக் கீழே நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ஜாமீன் பிரதர். வாராவாரம் சாத்தானை ஜாமீனில் எடுத்துவிடுகிறார் என்று சபையில் யாரோ குறும்பாக வைத்த பெயர், குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் வந்து சேர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு சோக்காத்தான் கீது" என்று சொல்லிவிட்டார்.

ஆள் ஒல்லி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பேண்ட் பையில் ஒரு சின்ன டார்ச், சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். இரண்டும் கம்பெனி வேலைக்கானவை. ஆனால் சபைக்கும் அவற்றோடுதான் வருவார். வசனங்களுக்கு அடியில் அந்த ஸ்கேலை வைத்துத்தான் கோடு போடுவார். பிரசங்கம் நடுவில் கரண்ட் போனால் டார்ச்சைப் பாஸ்டர் முகத்தில் அடித்து, "நீங்க மேல சொல்லுங்க பாஸ்டர்" என்பார். பாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே சொல்லுவார்.

நான் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அது பிசாசின் தந்திரம்தான். பரீட்சையில் எனக்கு மார்க் குறைந்தபோதெல்லாம் அம்மா என்னை அடித்ததில்லை. பிசாசைத்தான் கடிந்துகொண்டாள். அவ்வளவு வசதியான ஓர் ஏற்பாட்டில் வளர்ந்தவன், டிப்ளமோ முடித்துவிட்டு ட்ரெய்னியாக ஒரகடம் வந்தேன். படப்பையில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். சேர்ந்த முதல் திங்கட்கிழமை ஜாமீன் பிரதர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, நேத்து சபைக்குப் போனியா?"

"இல்ல பிரதர். எந்திக்கணும்னுதான் நெனச்சேன். சாத்தான் விடல."

"எத்தினி மணிக்கு அலாரம் வச்ச?"

"வைக்கல பிரதர்."

"அப்போ அவனுக்கு அங்க வேலையே இல்லியேபா. வந்திருந்தாலும் உன்ன பாத்துட்டு, இங்க எல்லாம் முடிஞ்சு கீதுன்னு திரும்பிப் போயிருப்பான்."

பிறந்ததிலிருந்து எனக்கு இருந்த வசதி அந்த நிமிஷத்தோடு போயிற்று. அடுத்த ஞாயிறு அலாரம் வைத்து எழுந்து, குன்றத்தூருக்குப் போய், அவருடைய சபையில் உட்கார்ந்தேன். மனை போட்டு விற்ற ஒரு நகரின் கடைக்கோடியில் தகர ஷீட் கூரை போட்ட சபை. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. அந்த வாரம் தங்களுக்கு நடந்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் நேரம். லாரி டிரைவர் ஒருவர் எழுந்தார். மூன்று மாதம் குடிக்காமல் இருந்ததாகவும், வியாழக்கிழமை சாயங்காலம் சாத்தான் தன்னை வஞ்சித்து மறுபடி குடிக்க வைத்துவிட்டதாகவும் அழுதார். சபையே "ஐயோ" என்றது. எனக்கும் கண் கலங்கியது.

அப்போது ஜாமீன் பிரதர் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம் பாஸ்டர். சின்ன டவுட்டு."

பாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். ஜாமீன் பிரதருக்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை.

"அண்ணே, உங்க வூடு இங்க குன்றத்தூர்ல. நீங்க குடிச்ச கடை எங்க கீது?"

"ஸ்ரீபெரும்புதூர் தாண்டி."

"எப்டி போனீங்க?"

"பஸ்லதான்."

"நேர் பஸ்ஸா?"

டிரைவர் கொஞ்சம் யோசித்து, "மாறிப் போனேன்" என்றார்.

"ரெண்டு பஸ்ஸு. ரெண்டு டிக்கெட்டு. நடுவுல நின்னு காத்துகினு இருந்திருப்பீங்க. அம்மாம் நேரமும் அவனா உங்கள இஸ்துகினு போனான்? கண்டக்டர் அவனுக்கு டிக்கெட் கேக்கலியா?"

சபையில் சிரிப்பை அடக்க முடியாமல் பாதிப் பேர் இருமினார்கள். டிரைவர் அழுகையை நிறுத்திவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "வூட்டுக்குப் பக்கத்துக் கடைல தெரிஞ்சவன் பாத்துடுவான்னு நான்தான் தூரமாப் போனேன்" என்றார். ஜாமீன் பிரதர் அவர் பக்கத்தில் போய்த் தோளில் கைவைத்து, "இப்பத்தாண்ணே நீங்க மெய்யாலுமே சாட்சி சொன்னீங்க" என்றார். அந்த டிரைவர் அதற்குப் பிறகு குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை குடித்தார். இரண்டு தடவையும் எழுந்து, "நானா போய் நானா குடிச்சேன்" என்று சொன்னார்.

இன்னொரு வாரம், ராத்திரி பகலாக ஃபோனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண், "சாத்தான் ஃபோன் வழியா என் நேரத்தைத் திருடிட்டான்" என்றாள். ஜாமீன் பிரதர் மென்மையாகத்தான் கேட்டார். "அந்த ஃபோனுக்கு லாக்கு கீதாமா?" இருக்கிறது என்றாள். "யாரு வெரலு வச்சா தொறக்கும்?" அந்தப் பெண் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

இப்படியே போனால் சாட்சி சொல்ல ஆளே மிஞ்சாது என்று பாஸ்டருக்குப் பயம் வந்துவிட்டது. ஜாமீன் பிரதர் கையைத் தூக்கினாலே கீபோர்டு வாசிக்கிற பையனுக்குக் கண்ணைக் காட்டிப் பாட்டை ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டார்.

"பிரதர், சாத்தானே இல்லைன்னு சொல்ல வர்றீங்களா?"

"ஐயோ, கீறான் பாஸ்டர்! நல்லாவே கீறான். கடை போட்டு உக்காந்துகினு கீறான். வாய்கூசாம பொய் சொல்லுவான். அதுவும் நமக்கு எந்தப் பொய் புடிக்குமோ அத்தப் பாத்து எடுத்து வைப்பான். ஆனா கைய முறுக்கி வாயில ஊட்ட அவனுக்கு அதிகாரம் இல்ல. கை நீட்டி வாங்கறது நாமதான். அத்த மட்டும்தான் நான் சொல்றேன்." அவரே தொடர்ந்தார். "பழத்த ஏன் துன்னன்னு ஆண்டவரு மொத மனுசனக் கேட்டா பொண்டாட்டியக் காட்டினான். அந்தம்மாவக் கேட்டா பாம்பக் காட்டிச்சு. பாம்பக் கேட்டிருந்தா மரத்தக் காட்டியிருக்கும். மரம் மண்ணக் காட்டியிருக்கும். அப்டியே எங்க கம்பெனி மீட்டிங்கு மாதிரியே கீது."

எங்கள் கம்பெனி மீட்டிங்கைப் பற்றி அவர் சொன்னது மிகையில்லை. அங்கே ஒரு பீஸ் கெட்டுப்போய் வெளியே போய்விட்டால், ஏன்-ஏன் தாள் என்று ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் ஐந்து கட்டங்கள் உண்டு. தப்பு ஏன் நடந்தது என்று முதல் கட்டத்தில் எழுதி, அதற்கு ஏன், அதற்கு ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டு கீழே இறங்கினால், அடியில் மூல காரணம் கிடைக்கும். எனக்குத் தெரிந்து மூல காரணம் மூன்றே மூன்றுதான் கிடைத்திருக்கிறது. ஒன்று மெஷின். இல்லையென்றால் ட்ரெய்னிங் பற்றாக்குறை. இரண்டும் சரிப்படாவிட்டால் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆள் என்று எழுதினால் மறுநாள் அந்த ஆளின் கேட் பாஸ் போய்விடும். மெஷின் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தவர் பாவத்தை மட்டும் துருவியிருந்தால் இவரையும் ஊர்வம்புக்காரர் வரிசையில் சேர்த்திருப்பேன். தன் விஷயத்தில் அவர் அதைவிட மோசம். புதன்கிழமை கேன்டீனில் முட்டைக் குழம்பு. ஆளுக்கு ஒரு முட்டை. ஒரு புதன் இவர் இரண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். யாரும் பார்க்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராகக் கேன்டீன் மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், ரெண்டு முட்டை எடுத்துட்டேன்."

"பரவால்லண்ணா, மீதி நிறையக் கீது."

"மீதி கீதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எடுத்தேன். ஆசைல எடுத்தேன். அடுத்த வாரம் எனக்கு முட்டை கெடையாது."

அடுத்த புதன்கிழமை வெறுங்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கேன்டீன் மாஸ்டர் கரண்டியில் ஒரு முட்டையோடு வந்து, "துன்னுண்ணா, நான்தானே குடுக்கறேன்" என்று கெஞ்சினார். "நீ நல்ல மனசுல குடுக்கற. உன்மேல தப்பில்ல. என் நாக்குதான் இங்க ஆடிகினு கீது" என்று சொல்லிவிட்டு, முட்டையைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் என் இரண்டாவது முட்டையைச் சாப்பிட்டேன்.

இந்த இரண்டாவது முட்டைக்காரனுக்குச் சோதனை வந்தது. இனிமேல் சொல்லப்போவதில் என்னுடைய யோக்கியதை வெளியே வரும். வரட்டும்.

எங்கள் வேலை இதுதான். காரின் பிரேக்கோடு சேரும் ஓர் இரும்புப் பாகம். அதில் ஒரு துளை. அந்தத் துளையில் கேஜ் என்கிற அளவுக் கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. சரியாக இருந்தால் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு அந்தப் புள்ளிதான் சாட்சி. ஒரு பெட்டிக்கு நூற்றிருபது பீஸ். பெட்டி நிறைந்ததும் அதில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஜாமீன் பிரதர் வந்து, பெட்டிக்கு ஐந்து பீஸ் எடுத்து மறுபடி கேஜ் போட்டுப் பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதுவார். என்னோடு அதே மேஜையில் செல்வியக்கா இருந்தார். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். கான்ட்ராக்ட் வேலை. பீஸைத் துடைத்து என்னிடம் கொடுப்பதும், நான் புள்ளி வைத்ததைப் பெட்டியில் அடுக்குவதும் அவர் வேலை. கேஜையோ மார்க்கரையோ அவர் தொடக் கூடாது. தொட்டதும் இல்லை.

லைனுக்கு முன்னால் ஒரு போர்டு. அன்றன்றைக்கு யார் எத்தனை பெட்டி முடித்தார்கள் என்று அதில் எழுதுவார்கள். அந்த மாதம் பெர்மனென்ட் லிஸ்ட் வரப் போகிறது என்று பேச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை நான் முதலிடம் பிடிக்க இன்னும் ஒரே ஒரு பெட்டி வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிய இருபது நிமிஷம் இருந்தது. செல்வியக்கா ஸ்டோர்ஸுக்குத் துடைக்கிற துணி வாங்கப் போயிருந்தார். அந்த இருபது நிமிஷத்தில் கேஜைக் கையில் எடுக்காமலே நூற்றிருபது புள்ளி வைத்தேன். வேகத்தில் அட்டையில் கையெழுத்துப் போட மறந்தேன். போர்டில் என் பெயர் மேலே போனது. சூப்பர்வைசர் கைகொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி திரும்பி வந்தது. கார் கம்பெனி லைனில் மூன்று பீஸில் போல்ட் உள்ளே இறங்கவில்லையாம். வண்டியில் ஏறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கையெழுத்தில்லாத அட்டை பெட்டியிலேயே தொங்கியது. அந்த மேஜையில் இரண்டு பேர்தான் என்பதால் சூப்பர்வைசருக்கு யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ஒருவன் போர்டில் முதலிடம் பிடித்த ட்ரெய்னி. இன்னொருவர் கான்ட்ராக்ட். "அந்தம்மாதான் ஆள் இல்லாத நேரத்துல மார்க் போட்டிருக்கும். திங்கட்கிழமை மீட்டிங்ல முடிச்சிரலாம்" என்று என்னிடமே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை செல்வியக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நான் அந்த மார்க்கரத் தொட்டதே இல்லன்னு உனக்குத் தெரியும்ல? மீட்டிங்ல நீ ஒரு வார்த்த சொல்லேன்பா. இந்த வேல போச்சுன்னா வூட்ல அடுப்பெரியாது."

"பாப்பம்க்கா" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜாமீன் பிரதரைச் சபைக்குப் பின்னால், தண்ணீர்க் கேன் வைத்திருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில், பழக்கம் விடுமா, "சாத்தான் என்னைய ஏமாத்திட்டான் பிரதர்" என்றும் சேர்த்துவிட்டேன்.

அவர் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தார். "இன்னா சொன்னான்?"

"மூணு வாரமா ஒரு பீஸ் கூட ரிஜெக்ட் ஆவலல்லா, இந்த ஒரு பெட்டில மட்டும் என்ன வந்துரப் போவுதுன்னான்."

"எந்த ஊர் பாஷைல சொன்னான்?"

"எங்க ஊர்த் தமிழ்லதான்."

"அவனும் நாசரேத்தாபா?"

நான் கையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

"மூணு வாரமா ரிஜெக்ட் ஆவலன்னு அவனுக்கு எப்டித் தெரியும்? அந்தக் கணக்கு யாரு எழுதறது?"

"நான்தான் பிரதர்."

"அப்போ பேசினது யாரு?"

"நான்தான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை. வேறு ஏதோ யோசனையில் முகம் மாறியது.

"செவ்வாக்கெழமன்னா சொன்ன? கடைசிப் பொட்டியா?"

"ஆமா."

அவர் அப்படியே தண்ணீர்க் கேன் ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அத்த நான் பாக்கலியே தம்பி. உன் பொட்டின்னு தெரிஞ்சு, கேஜே போடாம, அஞ்சு பீஸ் ஓகேன்னு ரெஜிஸ்டர்ல எழுதி கையெழுத்துப் போட்டுட்டேன். நான் பேசறப்பல்லாம் மண்டைய மண்டைய ஆட்டுவியே. ஆட்ற பையன் தப்புப் பண்ண மாட்டான்னு நெனச்சுட்டேன்."

"அப்ப உங்களையும் நான்தான் ஏமாத்திட்டேன் பிரதர்."

"கெடயாது" என்றார் சட்டென்று. "நீ ஆட்டின. ஏமாந்தது நானு. என்னுத என்கிட்ட குட்துடு. உன்னுதே உனக்குப் போதும்."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு கேள்வி கேட்டேன். "பிரதர், மொத்தத்தையும் உங்க தப்புன்னு நீங்க சொல்லிட்டா என்ன? நீங்க சீனியர். உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"உன் பாவத்த நான் தூக்கிக்கறதா? அதுக்கு ஒருத்தர் ஏற்கெனவே கீறாருபா. நான் அவரு இல்ல. செல்வியம்மா போடலன்னு நான் சொல்லுவேன், அது எனக்குத் தெரிஞ்ச உண்மை. என்னுது இன்னான்னும் சொல்லுவேன். யாரு போட்டான்றது உன்னுது. நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங்கு." எழுந்து, பேண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணி. மீட்டிங் அறையில் குவாலிட்டி மேனேஜர், சூப்பர்வைசர், ஜாமீன் பிரதர், நான். கதவோரம் செல்வியக்கா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. மேனேஜர் ஏன்-ஏன் தாளை எடுக்கும் முன்பே ஜாமீன் பிரதர் எழுந்துவிட்டார். "சார், செல்வியம்மா மார்க்கரத் தொடல. அந்தப் பொட்டியில அஞ்சு பீஸ் நானும் பாக்கல. பாத்தேன்னு எழுதினது பொய்யி."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருஷ சர்வீஸ் ஆளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று அவர் மனதார முயன்றார்.

"கேஜ் தேஞ்சு போயிருக்கும். அப்படிப் போட்டுக்கலாமா?"

"போன வாரம்தான் சார் செக் பண்ணி சீல் வச்சாங்க. அது கரெக்டா கீது."

"அந்த ஏரியால வெளிச்சம் பத்தல."

"அஞ்சு ட்யூப்லைட்டு எரியுது சார். உக்காந்து பூ கட்டலாம்."

"அப்ப ட்ரெய்னிங் இல்லைன்னு எழுதறேன்."

"ட்ரெய்னிங் குடுக்கறதே நான்தான் சார்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் உங்க பக்கம் இருக்கேன் சார். கொஞ்சம் ஒத்துழைங்க!" என்று கெஞ்சினார். அன்றைக்குக் கேஜுக்கும் ட்யூப்லைட்டுக்கும் ட்ரெய்னிங்குக்கும் வரிசையாக ஜாமீன் கிடைத்தது. ஜாமீன் பிரதர் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஸ்கேலை அடியில் வைத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"கெட்ட பீஸ் ஏன் வெளிய போச்சு? நான் பாக்கல. ஏன் பாக்கல? பாக்கத் தேவையில்லன்னு நெனச்சேன். ஏன்? என் கைக்குக் கீழ தப்பு நடக்காதுன்னு நெனச்சேன். ஏன்? ஊர்ல எல்லார் தப்பையும் கண்டுபுடிக்கறவன், என்கிட்டயேவா வரும்னு இருந்துட்டேன். ஏன்? பெருமை சார். எனக்குப் பெருமை."

ஐந்து கட்டமும் நிறைந்தது. அந்தக் கம்பெனியில் மூல காரணம் என்ற இடத்தில் 'என் பெருமை' என்று எழுதப்பட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சரி" என்றார் மேனேஜர். "பார்க்காம புள்ளி வச்சது யாரு?"

"அந்தக் கட்டத்த நான் நெரப்பக் கூடாது சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர் கதவோரம் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். செல்வியக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜாமீன் பிரதரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், அவர் பார்வைக்குப் பயந்துதான் எழுந்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. சும்மா இருந்துவிடலாம் என்று என் ஊர்த் தமிழில் ஒரு குரல் மறுபடி கேட்டது. யாருடையது என்று எனக்கு இப்போது தெரியும்.

எழுந்தேன். "நான்தான் சார். கேஜ் போடாம நூத்தி இருவது புள்ளியும் நான்தான் வச்சேன். போர்டுல பேர் மேல வரணும்னு வச்சேன். செல்வியக்கா அப்ப அங்க இல்ல."

பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வராது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வரவும் இல்லை. ட்ரெய்னிங் காலம் முடிந்ததும் வேறு கம்பெனி தேடிப் போனேன். ஜாமீன் பிரதருக்கு மெமோ கொடுத்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே போயும் அவர் சும்மா இருக்கவில்லை, ஸ்டாக் குறைந்ததற்கு எலியைக் காரணம் சொன்னவரிடம் எலிக்காகப் பேசினார் என்று கேள்வி. செல்வியக்காவின் கேட் பாஸ் அவரிடமே இருந்தது. ஒரு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. வழக்கமாக என்னோடு அரட்டை அடிப்பவர்கள் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜாமீன் பிரதர் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல காரியம் செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கொஞ்சம் தள்ளு தம்பி" என்றார். "நேத்து பொட்டுத் தூக்கம் இல்ல. உனக்காக வுடிய வுடிய முட்டி போட்டுகினு இருந்தேன். காலு ரெண்டும் மரத்துப்போய் கீது."

பஸ் கிளம்பி ஐந்து நிமிஷத்தில் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். படப்பை வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, எறங்கலியா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். குன்றத்தூர் வரைக்கும் போய், அவர் கண்விழித்து இறங்கிப் போன பிறகு, வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

அவர் தூங்கிவிட்டதால்தான் என்னால் இறங்க முடியவில்லை என்று இங்கே எழுதலாம். அவர் படித்தால் தன் தூக்கத்துக்காக வாதாட எழுந்து வந்துவிடுவார். இறங்காமல் இருந்தது நான்தான். அந்த மனுஷனை விட்டு எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை.